பொன்னம்பலத்தின் சனி

அமெரிக்கா விழப்போகிறது என்று தில்லையம்பலம் முதன்முதல் அறிவித்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது, தலை நிறைய மயிர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். மயிர் விழுந்துவிட்டது. அமெரிக்கா விழவில்லை.

இடையில் அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார், அது மூடப்பட்டது. காப்புறுதி விற்றார், ஒருவரும் வாங்கவில்லை. பிறகு ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் தன் வீட்டு பேஸ்மென்றில் ஒரு மேசையும் இரண்டு கணினித் திரையும் போட்டுக்கொண்டு, விசிற்றிங் கார்ட்டில் 'புவிசார் பொருளாதார ஆய்வாளர்' என்று அடித்தார். புவிசார் என்றால் என்ன அண்ணை என்று கேட்டவர்களுக்கு, "புவியைச் சார்ந்தது" என்று பொறுமையாக விளக்கினார். முதியோர் சங்கம் ஒன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடையின் விலையை அவரே கொடுத்தார். தமிழ் வானொலி ஒன்று செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அவரைப் பேசவிட்டது. அந்த நேரத்துக்கு விளம்பரம் கிடைக்காததுதான் காரணம் என்பதை மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவர் மனைவி மங்கையற்கரசி. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருசமாக நின்றபடி வேலை. வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுவதை டொக்டர் படம் எடுத்துக் காட்டி, நிற்கிற வேலையை விடச் சொல்லியிருந்தார். விட்டால் சாப்பிடுவதற்கு மங்கையற்கரசியிடம் இருந்தது ஒன்றுதான்: சம்பளத்தில் பிடித்துப் பிடித்து ஓய்வுக்கென்று சேர்ந்திருந்த காசு. அரசாங்கப் பென்சன் வரும் வரைக்கும் அதை வைத்து இழுத்துவிடலாம். அடுத்த பனிக்காலத்துக்கு முன்னம் வேலையை விட்டு வீட்டில் இருக்கவேண்டும். அவர் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் காசு இருந்த கணக்கின் பாஸ்வேர்ட் தில்லையம்பலத்திடம் இருந்தது. படித்த மனுசன் என்று கொடுத்தது.

2024 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. யூனியன்வில்லில் இருந்து மகள் கௌசி சாப்பிட வந்திருந்தாள். அவள் கணக்காளர்; ஆகவே காசைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்பாவின் முடிவு.

"அம்மான்ர காசை நான் புட்டில போட்டிட்டன்," என்றார் தில்லையம்பலம், பழைய அமைச்சர் ஒருவர் அணைக்கட்டுத் திறக்கிற தோரணையில்.

மங்கையற்கரசி கையில் புட்டுக் கோப்பையோடு நின்றார். "எதில போட்டியள்?"

"இந்தப் புட்டில்லையப்பா. புட் ஒப்ஷன். அமெரிக்கச் சந்தை இந்த விலைக்குக் கீழ விழும் எண்டு பந்தயம். விழ விழ எங்களுக்குக் காசு."

"விழாட்டி?"

"விழும்."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் கௌசி. "அதுக்கு எக்ஸ்பயரி டேற் இருக்கு. அதுக்குள்ள விழாட்டி ஸீரோ. லைக், பக்கத்து வீட்டுக்கு நீங்கள் ஃபயர் இன்சூரன்ஸ் கட்டிப்போட்டு, எப்ப பத்தும் எண்டு ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி. சோ க்ரீப்பி."

"சும்மா புட் வாங்கிறவன் முட்டாள். நான் வாங்கினது நீண்டகாலப் புட். 2026 தை மாதம் வரைக்கும் இருக்கு. தை பிறந்தால் வழி பிறக்கும்."

மங்கையற்கரசி கோப்பையை மேசையில் வைத்தார். "புட்டு எண்டால் காலமை அவிச்சு மத்தியானத்துக்குள்ள திண்ண வேணும். ஒண்டேகால் வருசம் வைச்சிருந்தால் காஞ்சு கல்லாப் போகாதே?"

கௌசிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "எக்ஸாக்ட்லி அம்மா! ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் காயும். அப்பா, அம்மாக்கு விளங்கியிட்டுது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

தில்லையம்பலம் சிரிக்கவில்லை. உலகப் பொருளாதாரத்தைப் புட்டோடு ஒப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. அவர் அதைச் சனியோடுதான் ஒப்பிடுவார்.

அமெரிக்காவுக்கு அவர் சாதகம் குறித்து வைத்திருந்தார். 1776 யூலை நாலாம் திகதி பிறப்பு; கும்ப ராசி, அவிட்டம். ஏழரைச் சனியின் கடைசிக் கட்டமான பாதச்சனி வரப்போகிறது. சனி மீனத்துக்கு மாறினதும் அமெரிக்கா காலொடிந்து விழும். இதில் சின்னச் சிக்கல் ஒன்று. வானத்தில் சனி ஒன்றுதான், பஞ்சாங்கம் இரண்டு. திருக்கணிதப்படி சனி 2025 பங்குனியில் மாறுகிறார். வாக்கியப்படி அதற்கு ஏறக்குறைய ஒரு வருசம் கழித்து, 2026 மாசியில்.

மற்றச் சனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நாங்கள் ரொறொன்ரோத் தமிழர்; இதற்காகக் கோவிலையே உடைத்திருந்தோம். தொழிற்பேட்டையில் கார் ரயர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்த கோவிலின் நிர்வாகசபை, எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்ற கேள்வியில் இரண்டாகப் பிரிந்தது. வாக்கியக் கட்சிக்குத் தலைவர் தில்லையம்பலம். திருக்கணிதக் கட்சிக்குத் தலைவர், அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்த பொன்னம்பலம். இப்போது ரயர்க் கடைக்கு இந்தப் பக்கம் ஒரு கோவில், அந்தப் பக்கம் ஒரு கோவில். ரயர்க் கடைக்காரன் இரண்டு பகுதிக்கும் கார் நிறுத்த இடம் வாடகைக்கு விடுகிறான். பிரிவினையால் ஆதாயம் கண்ட ஒரே மனுசன் அவன்தான்.

அப்படியானால் மாசியில் மாறப்போகிற சனிக்கு, தையில் முடிகிற புட்டை ஏன் வாங்கினார்? 2027 வரைக்குமான புட்டுக்கு விலை கூடுதல். அதோடு, சனி பெயர்வதற்கு ஆறு மாதம் முதலே பலன் தரத் தொடங்குவார் என்று சாத்திரத்தில் இருக்கிறது. ஆகவே ஆவணியில் ஆட்டம் காணும், ஐப்பசியில் சரியும், மார்கழியில் தரை. ஓசியில் கிடைக்கிற ஆறு மாதத்துக்கு எவன் காசு கொடுப்பான்?

கோப்பிக் கடையில் இதைக் கேள்விப்பட்ட பொன்னம்பலம் தலையைச் சொறிந்தார். "அவிட்டத்தில பிறந்தால் தவிட்டுப் பானையிலயும் பணம் எண்டெல்லோ சொல்லுறவை. அதுக்கு எதிராயோ தில்லை பந்தயம் கட்டுறாய்?"

"அது பொம்பிளைப் பிள்ளையளுக்கு," என்றார் தில்லையம்பலம்.

இனி நடந்தது எல்லாருக்கும் தெரிந்தது. 2025 பங்குனிக் கடைசியில், திருக்கணிதப்படி, சனி மாறினார். ரயர்க் கடைக்கு அந்தப் பக்கக் கோவிலில் எள்ளெண்ணெய் விளக்குகளின் புகை, தீயணைப்பு வண்டி வருகிற அளவுக்கு. இந்தப் பக்கக் கோவிலில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல வழமையான பூசை. அடுத்த கிழமை அமெரிக்கா உலகம் முழுக்க இறக்குமதி வரி போட்டது. சந்தை, மாடிப்படியில் இருந்து உருட்டிவிட்ட பூசணிக்காய்போல இறங்கியது.

திங்கட்கிழமை காலை, பேஸ்மென்றில் இருந்து தில்லையம்பலம் போட்ட சத்தத்துக்கு மங்கையற்கரசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கினார். திரையில் பச்சை எழுத்தில் ஒரு தொகை நின்றது. போட்டதில் மூன்று மடங்குக்கு மேல்.

"உம்மட காசுதான். வடிவாப் பாரும்."

மங்கையற்கரசி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "அப்ப நான் இந்தப் பனியோட நிக்கலாமோ?"

"இந்தப் பனியோ? இண்டைக்கே எழுதிக் குடும். தில்லையம்பலத்தின்ர பெண்சாதி இனிப் பிளேனுக்குச் சோறு கட்டத் தேவையில்லை."

அன்று பின்னேர வேலையில் மங்கையற்கரசி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தார். சுப்பவைசர் கரோலின் கட்டிப்பிடித்து அழுதாள். கூட வேலைசெய்கிற பெண்கள் விமானத்துக்குப் போகவிருந்த கேக் துண்டுகளில் சிலதைத் திசைதிருப்பி, ஒன்றாக அடுக்கி, அதையே பெரிய கேக்காக்கி வெட்டக் கொடுத்தார்கள்.

மறுநாள் செவ்வாய். வழமைபோல மத்தியானம் றெஜினாவின் வான் வண்டியில் மங்கையற்கரசி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். றெஜினா மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், கெட்டிக்காரி, நாலு பேரை ஏற்றி இறக்கி எண்ணெய்க் காசை உழைத்துக்கொள்வாள். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. வானொலியில் தில்லையம்பலம்.

"கேளுங்கோ அக்கா, உங்கட அமெரிக்காவை விழுத்தின ஆள்," என்று றெஜினா சத்தத்தைக் கூட்டினாள்.

தில்லையம்பலம் தன் தீர்க்கதரிசனத்தை ஆண்டுவாரியாக விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"வணக்கம். நான் பொன்னம்பலம் கதைக்கிறன். வாழ்த்துக்கள் தில்லையம்பலத்தார். எங்கட சனி மாறி ஒரு கிழமைதான். பாத்தீரே வேலையை?"

வானொலியில் ஒரு இருமல் கேட்டது. "இது... இது சனியில்லை. இது வரி."

"வரியை ஆர் போடவைச்சது? உம்மட புட்டு மூண்டு மடங்காம் எண்டு ஊரெல்லாம் கதை. திருக்கணிதச் சனி குடுத்த காசு. வித்துப்போட்டு வந்து எங்கட கோவில்ல ஒரு எள்ளுச்சாதம் போடும். சனங்களுக்கு முன்னால ஒருக்காச் சொல்லிப்போடும், வாக்கியம் பிழை எண்டு."

"அக்கா, உவர் இப்ப விக்கப்போறாரோ?" என்றாள் றெஜினா.

"வித்திருப்பார்," என்றார் மங்கையற்கரசி. "நேற்றே வித்திருப்பார்."

வானொலியில் தில்லையம்பலத்தின் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயரும்போது தமிழும் தூய்மையாகிவிடும். "அன்பான நேயர்களே! இது ஒத்திகை. நாடகம் இனித்தான். வாக்கியச் சனி வரும்வரைக்கும் நான் ஒரு புட்டைக்கூட விற்கமாட்டேன் என்பதை இந்த வானலையில் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். பொன்னம்பலத்தின் சனியில் நான் காசு எடுக்கமாட்டேன்!"

அதன் பிறகு நகைக்கடை விளம்பரம் ஒன்று வந்தது. அன்றைக்குத்தான் முதன்முறை அந்த நேரத்துக்கு ஒரு விளம்பரம்.

றெஜினா சத்தத்தைக் குறைத்தாள்.

"அக்கா, எங்கட ஆள் மூண்டாம் நாளே எழும்பினவர். உங்கட ஆள் ஒரு ராசி தாண்ட ரெண்டரை வருசம் எடுக்கிறார். கொஞ்சம் கெதியா நடக்கச் சொல்லுங்கோவன்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மங்கையற்கரசியும் சிரித்தார், சிரிக்காவிட்டால் அழவேண்டியிருக்கும் என்ற காரணத்துக்காக.

புதன்கிழமை மத்தியானம், வரியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அமெரிக்கா ஒரு வசனம் சொன்னது. சந்தை துள்ளி எழும்பியது. ஒரே பின்னேரத்தில் புட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கௌசி வேலையை விட்டு ஓடிவந்தாள்.

"அப்பா, இப்பவும் டபிள் இருக்கு. ப்ளீஸ். செல் பண்ணுங்கோ. அம்மா ரிசைன் பண்ணீட்டா, அப்பா!"

"சொன்ன சொல் ஒண்டு இருக்கு, பிள்ளை."

"ஆரிட்டச் சொன்னனீங்கள்? அந்த ஷோவை ஆர் கேக்கினம்? லிட்டரலி பொன்னம்பலம் அங்கிள் மட்டும்தான்!"

"அவர் கேட்டவரெல்லோ," என்றார் தில்லையம்பலம்.

இதற்கு மேல் வாதம் இல்லை. ஒரு மனுசனுக்கு உலகம் முழுக்க ஒரேயொரு நேயர் இருந்தால், அந்த நேயருக்கு முன்னால் அவன் விழக்கூடாது. அமெரிக்கா விழலாம், விழாமல் விடலாம்.

மங்கையற்கரசி கரோலினிடம் போய், எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார். கரோலின் மேலே கேட்டுப்பார்த்தாள். மேலே இருந்தவர்களுக்கு, பத்தொன்பது வருசச் சம்பள உயர்வு வாங்கிய ஒருவர் தானாகவே போகிறார் என்பது நல்ல சேதி. நல்ல சேதியை ஏன் திருப்பிக் கொடுப்பார்கள்? கேக்கும் வெட்டியாகிவிட்டது.

அந்த வைகாசியும் ஆனியும் மங்கையற்கரசி வீட்டில் இருந்தார். முழங்கால் வீக்கம் வற்றியது. காலையில் பின்வளவுக்குப் போய்க் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு கதிரையில் கால் நீட்டி இருப்பார். இருபது வருசத்தில் அப்படி ஒரு வெயில் அவர் காலில் பட்டதில்லை. தில்லையம்பலம் ஜன்னலால் பார்த்து, தான் சொன்னபடி மனைவி ஓய்வில் இருக்கிறார் என்று திருப்திப்பட்டார். அமெரிக்கச் சந்தை ஆனி முடியும்போது பழைய உச்சத்தைக் கடந்தது. புட் போட்ட விலைக்குக் கீழே போய், பாதியாகி, காற்றுப்பட்ட புட்டுப்போல ஓரத்தில் இருந்து காயத் தொடங்கியது.

ஆடியில் வீட்டுக் கடனுக்கான காசு குறைந்தது. மங்கையற்கரசி ஒருவரிடமும் கேட்கவில்லை. லோறன்ஸ் வீதியில், வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஒன்றுக்குப் போய் பெயரைப் பதிந்தார். கடந்தகால அனுபவம் என்ன என்று கேட்டார்கள். சொன்னார். "ஓ, அப்ப உங்களுக்கு ஏற்ற இடம் ஒண்டு இருக்கு," என்று, அதே சமையற்கூடத்துக்கு, அதே மேசைக்கு, ஆகக்குறைந்த சம்பளத்தில் அனுப்பினார்கள். முதல்நாள், புதுத் தொழிலாளிகளுக்கான பயிற்சி. மூடியை எப்படி மூடுவது என்று ஒரு மணித்தியாலம் படிப்பித்தார்கள். படிப்பித்த பெண், மங்கையற்கரசி பழக்கிவிட்டவள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பித்தாள்.

ஆவணியில் சந்தை ஆட்டம் காணவில்லை. ஐப்பசியில் சரியவில்லை. சனி தன் ஆறு மாத முற்பணத்தைத் தருவதற்கு மறுத்துவிட்டார். ஒருநாள் வேலைக்கு வெளிக்கிடும்போது, காலில் துணிப்பட்டியைச் சுற்றிக்கொண்டே மங்கையற்கரசி கேட்டார்.

"இஞ்சருங்கோ, அமெரிக்கா என்ன ராசி எண்டனீங்கள்?"

"கும்பம். பாதச்சனி. பாரும், காலில அடிப்பார்."

"என்ர ராசி என்ன எண்டு தெரியுமே?"

தில்லையம்பலம் கணினியில் இருந்து தலையை எடுத்தார். கலியாணத்துக்கு முன்னம் இரண்டு குறிப்பையும் பொருத்தம் பார்த்தவர் அவருடைய தகப்பன். "கன்னியெல்லோ?"

"கும்பம்," என்று சொல்லிவிட்டு மங்கையற்கரசி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தை பிறந்தது. பொங்கலுக்குப் பெய்த பனி இன்னும் வாசலில் முழங்காலளவு கிடந்தது. வெள்ளிக்கிழமை, புட்டின் கடைசி நாள். தில்லையம்பலம் குளித்து, திருநீறு பூசி, திரைக்கு முன்னால் இருந்தார். சந்தை புது உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றுகொண்டு, பந்தியில் நிறையச் சாப்பிட்ட மனுசன்போல அசையாமல் இருந்தது. மத்தியானம் கடந்ததும் கணக்கில் அந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. ஸீரோ என்று கௌசி சொன்னது அதைத்தான்.

மங்கையற்கரசி மேலே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் படியேறி வந்தார். அழப்போகிறார் என்று மங்கையற்கரசி நினைத்தார். அழுதிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இஞ்சேரும்," என்றார். குரலில் வானொலி இருந்தது. "நான் இதை வேற கோணத்தில பாத்தனான். பாதச்சனி எண்டது கெடுக்கிற சனியில்லை. ஏழரை வருசமும் வதைச்சுப்போட்டு, போகேக்க அள்ளிக் குடுத்திட்டுப் போறவர். அப்ப மாசிக்குப் பிறகு அமெரிக்கா ஏறும். விழாது. அதுக்கு வேற ஒண்டு இருக்கு, புட்டுக்கு நேர்மாறு. ஏற ஏறக் காசு." கொஞ்சம் நிறுத்தினார். "பொன்னம்பலம் ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது. உம்மட ஏஜென்சிக் காசில மாதம் ஒரு கொஞ்சம்..."

மங்கையற்கரசி மற்றச் சப்பாத்தின் நாடாவைக் கட்டினார். குனியும்போது முழங்கால் சத்தம் போட்டது. இருவருக்கும் கேட்டது.

"பொங்கல் மிச்சம் பிரிட்ஜுக்குள்ள இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ."

வெளியே றெஜினாவின் வான் ஹோண் அடித்தது. வாசல் பனியை ஒருவரும் வழிக்கவில்லை. மங்கையற்கரசி கைப்பிடிக் கம்பியில் தொங்கி, கெட்ட காலை முதல் இறக்கி, நல்ல காலை அதோடு சேர்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். வானின் கதவை றெஜினா உள்ளே இருந்து தள்ளித் திறந்தாள்.

"என்ன அக்கா, புட்டு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப இனி?"

மங்கையற்கரசி இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். "இனிக் கோலாம். கோல் ஒப்ஷன்."

றெஜினா அந்தக் காலைப் பார்த்தாள். பகிடி ஒன்று வாய்வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்து, வானை மெல்ல எடுத்தாள். எங்கோ பாதி வழியில் மங்கையற்கரசியே அதைச் சொன்னார்.

"எனக்கெண்டால் ஊண்டி நடக்க ஒண்டு வேணும்தான்."